எசர்ஹாதோனின் பதில் ராசா

இல்லை அன்ரி, ஒட்டுக்கேக்கேல்லை. இந்தக் கோட்டு வாசலில பக்கத்துக் கதிரை எண்டபடியா காதில விழுந்திட்டுது. பொம்பிளைப் பிள்ளை எண்டா கோட்டில லேசா விட்டிடுவினம் எண்டு போனில சொன்னனீங்கள். உங்கட மகளுக்கோ? ஓ, ஸ்பீட் கேஸ். அது பெரிசா ஒண்டும் வராது. எங்கட அம்மாவும் அதேதான் சொன்னவ. அதுதான் திரும்பிப் பாத்தனான்.

இந்தப் புத்தகமோ? செவன் ஹில்ஸ்ல பிள்ளையளுக்கு ஹிஸ்ரி ரியூசன் குடுக்கிறனான். இது எசர்ஹாதோன் எண்ட அசீரிய ராசா. இப்பத்தை ஈராக் பக்கம், இரண்டாயிரத்தெழுநூறு வருசத்துக்கு முந்தி. எகிப்து வரைக்கும் போய்ப் பிடிச்ச ஆள். ஆனா சரியான பயந்தவர். தகப்பனை இவற்ர தமையனே கொலை செய்துபோட்டான், பயம் வராதே? கிரகணம் பிடிச்சா ராசாவுக்குச் சாவு எண்டு சாத்திரம் சொல்லும். உடனை வேற ஒருத்தனுக்குத் தன்ர உடுப்பைப் போட்டுச் சிம்மாசனத்தில இருத்திப்போட்டு, இவர் ஒளிச்சிடுவார். அந்த நாளில இவருக்குக் கடிதம் எழுதிறவை கமக்காரன், வயல் உழுறவன் எண்டுதான் விலாசம் போடவேணும். நூறு நாள் வரைக்கும் அப்பிடி வைச்சிருக்கலாம். பிறகு சிம்மாசனத்தில இருந்தவனைக் கொலை செய்துபோடுவினம்.

ஓம் அன்ரி, உண்மையாத்தான். பக்கத்தில ராணியா இருத்தின பெட்டையையும். அப்பிடி இருத்தினதில டம்கி எண்டு ஒருத்தன், பெரிய இடத்துப் பிள்ளை. சோடிச்சு, அழுது, அடக்கம் பண்ணியாச்சு, கெட்ட பலன் கழிஞ்சுது எண்டு ராசாவுக்கு எழுதின கடிதம் இப்பவும் இருக்கு.

என்ர வழக்கோ? மாசியில குவேக்கர்ஸ் ஹில் ரவுண்டபவுட்டில எங்கட கார் சைக்கிளில வந்த வயசாளி ஒருத்தரை அடிச்சுப்போட்டு, நிக்காமல் வந்திட்டுது. காரை ஓடினது அண்ணா. கீர்த்தனன். மெடிசின் கடைசி வருசம். பொலிஸ் வர முந்தி அம்மா குசினியில என்ர கையைப் பிடிச்சவ. அவன் டொக்டராக வேணும், நீ பொம்பிளைப் பிள்ளை, உன்னை லேசா விட்டிடுவினம், நீதான் கார் ஓடினனீ எண்டு சொல்லு. வீட்டில நான் வாய் திறக்காத ஆள். சொல்லிப்போட்டன்.

அதுக்குப் பிறகு பாருங்கோ, எனக்கு ராச மரியாதை. அம்மா மாம்பழம் தோல் சீவித் தாறா. அண்ணா தேத்தண்ணி ஊத்தித் தாறார். இருவத்திமூண்டு வருசமா ஒரே வீட்டில இருக்கிறம், எனக்குச் சீனி எத்தினை கரண்டி எண்டு இப்பத்தான் கேட்டவர். பின்னேரம் வகுப்பால வந்தா கதவு திறந்திருக்கும். ஆராவது பெல் அடிச்சா மட்டும் அவர் அறைக்குள்ள போயிடுவார். நான் நாள் எண்ணத் தொடங்கினனான்.

போன கிழமை அந்தச் சைக்கிள்கார மனிசன் ஆஸ்பத்திரியில செத்துப்போயிட்டார். இனி மறியல்தான், ஜெயிலுக்குப் போகத்தான் வேணும் எண்டு லோயர் சொன்னவர். அம்மா அழுதவ. நல்லாத்தான் அழுதவ. அண்ணா நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவர். உள்ளதைச் சொல்லுவம் எண்டு ரெண்டு பேரும் வாய் திறக்கேல்லை.

அண்ணாவோ? வந்திருக்கிறார். அந்தா, கண்ணாடிக்கு அங்கால நீலச் சேட் போட்டவர். எனக்குத்தான் கோப்பி வாங்க நிக்கிறார். மெல்லமாக் கதைக்கத் தேவையில்லை அன்ரி, இனி ஆர் கேட்டாலும் பரவாயில்லை. அவர் வெளியால போனவுடனை, அதில நிக்கிற பொலிஸ்காரியிட்டப் போய், அண்டைக்குக் கார் ஓடினது அண்ணா எண்டு சொல்லிப்போட்டன். அவ எழுதினவ. கையெழுத்து வைச்சிட்டு வந்துதான் இதில இருந்தனான்.