இடப்பக்கம் மட்டும் மிஞ்சிய படகு

தலைமை இருக்கையில் அமர்ந்து, என் பேச்சு எப்போது முடியுமோ என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் பழைய மாணவர் சங்கத் தலைவி ஆர்டிஸ் அம்மையார் அவர்களே, கழுத்தில் துணி கட்டி, கையில் குறடு பிடித்து, கல் இறாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பெரியோர்களே, அந்தப் பெரியோர்களுக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்து நீட்டும் தாய்மார்களே, முன்வரிசையில் வெயிலில் வெந்த முகத்தோடு வீற்றிருக்கும் அறுபத்தாறாம் ஆண்டு வகுப்பின் அருமைப் படகோட்டிகளே, ஆற்றங்கரை ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கும் இந்த டெசாவின் வணக்கம் உங்கள் அத்தனை பேருக்கும் உரியது.

நான் விட்காம்ப் கல்லூரியில் படித்தவள் இல்லை. எந்தக் கல்லூரியிலும் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கைபேசி கற்றுக்கொடுத்தது. அதில் ரொட்டி சுடக் கற்றேன், கித்தார் கற்றேன், அப்படித் தேடிக்கொண்டே போன ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இந்த ஐந்து கிழவர்களைக் கண்டெடுத்தேன். கிழவர்கள் என்றதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என்ன பெர்லி ஐயா? "குமரன்னு சொல்லிருந்தா நாங்களே நம்பிருக்க மாட்டோம், நீ பேசு" என்கிறார். பேசுகிறேன்.

லின்வுட் டார்பாக்ஸ் ஐயாவை அறியாதவர் இங்கே உண்டா? அறுபது ஆண்டுகளாக வகுப்புச் செயலாளர். கல்லூரிப் பத்திரிகையில் வகுப்புச் செய்தி எழுதுகிறவர். யாருக்கு முட்டி மாற்றினார்கள், யார் வீட்டில் கொள்ளுப்பேத்தி பிறந்தாள், யார் புளோரிடாவுக்குக் குடிபோய் வெயில் தாங்காமல் திரும்பி வந்தார்கள், எல்லாம் அவர் கைவழியேதான் அச்சேறும். சென்ற இலையுதிர் காலத்திலும் எல்லோருக்கும் எழுதிக் கேட்டார்: செய்தி உண்டா? பக்கம் பக்கமாகப் பதில் வந்தது. ஹார்லன் சூவல் ஐயாவிடமிருந்து மட்டும் மூன்றே சொல் வந்தது. செய்தி எதுவும் இல்லை.

செய்தி இல்லையா? மனைவி லோயிஸ் அம்மையாரை அடக்கம் செய்த கையின் ஈரம் காயவில்லை, அது செய்தி இல்லையா? திறக்காத திரைச்சீலை, தீண்டாத சாப்பாடு, தேடி வந்த மகளைத் திருப்பி அனுப்பிய கதவு, இவையெல்லாம் செய்தி இல்லையா? லின்வுட் ஐயா அந்த மூன்று சொல்லை அச்சுக்கு அனுப்பவில்லை. தொலைபேசியில் அழைத்தார். எடுக்கும்வரை அழைத்தார்.

"ஹார்லன், உன் வீட்ல துடுப்பு மெஷின் ஒண்ணு இருந்துச்சே?"

"இருக்கு. துணி காயப்போடறேன்."

"துணிய எடு. செவ்வாய்க்கிழம காலையில நாங்க வர்றோம்."

"எங்கடா வர்றீங்க?"

"திரையில."

வந்தார்கள். திரையில் ஐந்து கட்டம். நான்கில் ஆளுக்கொரு மெஷின், வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே துடுப்பு இழுக்கும் உடற்பயிற்சி மெஷின். மெய்ன் மாநிலத்துச் சமையலறையில் லின்வுட், அரிசோனாவில் கார் நிறுத்தும் கொட்டகையில் ஆட்டிஸ், நாய் குறுக்கே நடக்கும் கூடத்தில் செஸ்டர், பின்னறை இருட்டில் ஹார்லன். ஐந்தாவது பெர்லி ஐயா. கல்லூரி நாளில் இவர்கள் சேர்ந்து ஓட்டிய படகில் அவர் துடுப்புப் போடுகிறவர் இல்லை. எதிரே உட்கார்ந்து வழி பார்த்து விரட்டுகிறவர். வீட்டிலும் அதே வேலைதான். கையில் காப்பி, வாயில் வசவு.

"ஆட்டிஸ், தூங்கிட்டியா?"

"மூச்சு வாங்குறேன்டா."

"அதுக்கு ஏன்டா கண்ண மூடுற?"

"புரை எடுத்த கண்ணு. உன் மூஞ்சி ரொம்பத் தெளிவாத் தெரியுது, அதான்."

தங்களுக்குள் பேசுவதாகத்தான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். லின்வுட் ஐயா திரையில் தொடக்கூடாத பொத்தான் ஒன்றைத் தொட்டுவிட்டதால் உலகமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழங்கால் வலியை ரசித்தோம், தக்காளிச் செடியின் தகராறைத் தொடர்ந்தோம், யார் வீட்டு வாசலில் எவ்வளவு பனி என்று பந்தயம் கட்டினோம். மனசாட்சி உறுத்தி நான்தான் எழுதிச் சொன்னேன், ஐயா, ஊரே பார்க்கிறது என்று. "ஊர் பாக்குதா? அப்ப ஆட்டிஸ், சட்டையப் போடு" என்றார் லின்வுட் ஐயா. அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒரு செவ்வாயன்று ஹார்லன் ஐயாவின் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது. திரைச்சீலை திறந்திருந்தது.

அதன் பிறகுதான் லின்வுட் ஐயா வசந்தகால இதழில் அறிவித்தார்: சங்கம விழாவின் படகு ஊர்வலத்தில் எங்கள் வகுப்பும் வரும். எட்டுப் பேர் துடுப்புப் போட்ட இடத்தில் மிஞ்சியது நான்கு பேர். நான்கு பேர் படகில் வருவோம்.

சபையோரே, இங்கேதான் கவனிக்க வேண்டும். இந்தப் படகில் ஆளுக்கு ஒரே துடுப்பு, ஒரே பக்கம். பாதிப் பேர் இடம், பாதிப் பேர் வலம். வீட்டு மெஷினுக்கோ பக்கமே கிடையாது. இரண்டு கையாலும் நேராக இழுக்க வேண்டியதுதான். குளிர்காலம் முழுக்க இழுத்தார்கள். தூரம் பேசினார்கள், வேகம் பேசினார்கள், நாடித்துடிப்பு பேசினார்கள். பேசாதது ஒன்றே ஒன்று. இந்த வியாழக்கிழமை, எங்கள் ரொட்டிக் கடைக்கு எதிரே உள்ள படகுத்துறையில் நான்கு பேரும் தத்தம் துடுப்பைத் தோளில் சுமந்து வந்தார்கள். நான்கும் இடப்பக்கத் துடுப்பு.

வலப்பக்க நால்வரையும் எமன் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு போயிருந்தான். அவனுக்கும் படகுக்கு ஆள் குறைந்தது போலிருக்கிறது.

பெர்லி ஐயாதான் முதலில் வாய் திறந்தார். "பரவால்ல. வட்டமாச் சுத்தலாம். கரையில இருக்குற எல்லா மேசைக்கும் ரெண்டு தடவ முகம் காட்டலாம்."

சிரிக்கிறீர்கள். அன்று ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் பக்கம் மாறியாக வேண்டும். ஆட்டிஸ் ஐயாவின் தோளுக்குள் உலோகம், செஸ்டர் ஐயாவின் மணிக்கட்டு திரும்பாது. மீதி யார்? லின்வுட், ஹார்லன். ஹார்லன் ஐயா தலைத்துடுப்புக்காரர். அவர் முதுகைப் பார்த்து, அவர் போடும் தாளத்தில்தான் மற்றவர்கள் போடுவார்கள். அந்த இருக்கை இடப்பக்கத்தது.

"என்னால ஆகாதுடா. அறுபது வருஷமா என் முன்னால எவன் முதுகும் இருந்ததில்ல" என்றார்.

"வீட்டுக்குப் போயி என்ன பண்ணுவ?" என்று பெர்லி ஐயா கேட்டார்.

"துணி காயப்போடுவேன்."

பையை எடுத்தார், காரில் ஏறினார், கதவைச் சாத்தினார். அன்று அந்தக் கார் கிளம்பியிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும்? அந்த வீட்டில், அந்த இருட்டில், அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால். துறையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

லின்வுட் ஐயா கெஞ்சவில்லை. படகில் இறங்கினார், துறையில் இருந்த வலப்பக்கத் துடுப்பு ஒன்றைப் பிடித்தார், போட்டார். என்ன போட்டார் தெரியுமா? குழம்பு கிண்டுவது போலப் போட்டார். துடுப்பு தண்ணீரில் மாட்டி, அவர் வயிற்றிலேயே வந்து இடித்தது. மறுபடி போட்டார். மறுபடி இடித்தது. காரின் கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது.

"உள்கையத் திருப்புடா. வெளிக்கைய இல்ல."

"எது உள்கை?" என்று கேட்டார் லின்வுட் ஐயா. துடுப்பின் தண்ணீர்ப் பக்கத்துக் கைதான் உள்கை, படகேறிய சிறுவனுக்கும் தெரிந்தது.

கார்க் கதவு திறந்தது. "அறுபது வருஷம் துடுப்பப் புடிச்சுட்டு எது உள்கைங்கிறான்" என்று சொல்லிக்கொண்டே சரிவில் இறங்கி வந்தார் ஹார்லன் ஐயா. கரையில் நின்று காட்டினார், புரியவில்லை. குனிந்து காட்டினார், புரியவில்லை. "தள்ளு" என்று படகில் இறங்கி, இன்னொரு வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, துடுப்பைப் பிடித்துக் காட்டினார். காட்டி முடித்து நிமிர்ந்தபோது கரை ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. ஆட்டிஸும் செஸ்டரும் எப்போது ஏறினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. துறையைப் பிடித்திருந்த கையைப் பெர்லி ஐயா விட்டுவிட்டார், அது மட்டும் எனக்குத் தெரியும்.

வேண்டுமென்றேதான் அப்படி மோசமாகப் போட்டீர்களா என்று லின்வுட் ஐயாவிடம் நேற்றுக் கேட்டேன். "எனக்கு எம்பத்திரண்டு வயசும்மா. மோசமாப் போட நடிக்க வேற செய்யணுமா?" என்றார்.

இன்று மாலை நீங்கள் கண்டீர்களே. மற்ற வகுப்புப் படகுகள் அம்பு போலப் போயின. இந்தப் படகு ஆற்றையே அளந்துகொண்டு வளைந்து வளைந்து வந்தது. ஆனால் எந்தப் படகுக்கு எழுந்து நின்றீர்கள்? எந்தப் படகுக்கு இளைஞர்கள் தங்கள் துடுப்பை வானோக்கி உயர்த்தினார்கள்? நேராகப் போன படகுக்கா? நண்பன் ஒருவன் கரையில் நின்றுவிடக்கூடாது என்று, தெரியாத பக்கத்தில் உட்காரத் துணிந்த படகுக்கா? வயது போனால் எல்லாம் போயிற்று என்று இனி என்னிடம் எவராவது சொல்லட்டும். பாலத்தடியைத் தாண்டிய அந்த நான்கு துடுப்புகளை நான் காட்டுவேன். இரண்டு இடம். இரண்டு வலம்.

கரையேறியதும் லின்வுட் ஐயா மூச்சு வாங்கியபடியே தன் வேலையைத் தொடங்கினார். "இந்தத் தடவ பத்திரிகைக்கு எதாவது சொல்லுவியா ஹார்லன்?"

ஹார்லன் ஐயா சட்டையைப் பிழிந்துகொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "ஆட்டிஸ் முதுகு பாக்க அவ்வளவு மோசமில்லன்னு எழுதிக்க. அடுத்த வருஷமும் வலப்பக்கம் நான்தான்னு எழுதிக்க."

இறால் ஆறுவதையும் பொருட்படுத்தாமல் கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டு துடைக்காதது போல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்ட தலைவி அவர்களுக்கும் என் நன்றி. ஹார்லன் ஐயா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். செய்தி இருக்கிறது.