கயிற்றின் மறுமுனை

— பொய் சொல்லாதே. நான் ஓடினப்போ பார்த்தியா, இல்ல கண்ணை இறுக்கி மூடிட்டு உட்கார்ந்திருந்தியா?

— அண்ணி, பிறந்ததுலேருந்து கண்ணு தெரியாத நீங்க, ரெண்டு கண்ணும் நல்லா இருக்கற என்கிட்டக் கேக்கற கேள்வியா இது?

— கேட்டதுக்குப் பதில்.

— முதல் சுத்துல மூடிட்டேன். அப்புறம் பார்த்தேன்.

— ஏன் மூடினே?

— வயிறு எரிஞ்சுது. போதுமா? நானே அந்த பி.டி. டீச்சரைத் தேடிப் பிடிச்சேன். நானே கெஞ்சிக் கூத்தாடி மைதானத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். கயித்தோட ஒரு முனையை உங்க கையில மாட்டி, இன்னொரு முனையை அவங்க கையில மாட்டி, "போயிட்டு வாங்க"ன்னு வழியனுப்பினதும் நான்தான். அனுப்பிட்டு, படிக்கட்டுல உட்கார்ந்து நானே வயிறெரியறேன். என்னை எந்த லிஸ்டுல சேர்க்கறது?

— உன்னை யாரு டீச்சரைத் தேடச் சொன்னது?

— போன பந்தயம் சொல்லுச்சு.

— ஆரம்பிச்சிட்டியா.

— ஆரம்பிக்கல, முடிக்கறேன். நீச்சல் முடிஞ்சு கரையேறினப்போ நாம நடுவுல இருந்தோம். ரெண்டு பேரும் சேர்ந்து மிதிக்கற ரெட்டை சைக்கிள்ல பாதிப் பேரைத் தாண்டினோம். ஓட்டத்துல என்ன ஆனோம்? கடைசிக்கு முந்தி. அந்தக் கடைசி ஆளுக்கும் ஷூ பிஞ்சு போயிருந்துச்சு. இல்லாட்டி அந்த இடமும் நமக்குத்தான்.

— சைக்கிளை விட்டு இறங்கினதும் உன் கால் பிடிச்சுக்கிச்சு. யாருக்கும் நடக்கறதுதான்.

— கால் பிடிக்கல அண்ணி. கால் காணாமப் போச்சு. இடுப்புக்குக் கீழ ரெண்டு மாவு உருண்டை. தினம் பேக்கரியில மாவு பிசையறவ நான், எனக்குத் தெரியாதா? வழிகாட்டின்னு நெஞ்சுல எழுதி ஒட்டிட்டு வந்தவளை நீங்க கன்னுக்குட்டி மாதிரி இழுத்துட்டுப் போனீங்க. வழிகாட்டி ஓட்டக்காரரை இழுக்கக் கூடாதுன்னு விதி போட்டிருக்காங்க. ஓட்டக்காரர் வழிகாட்டியை இழுப்பார்னு அந்தப் புண்ணியவான்களுக்குத் தோணவே இல்ல. தோணியிருந்தா அன்னைக்கே நம்மளை வெளிய அனுப்பியிருப்பாங்க.

— அதுக்கப்புறம் இத்தனை மாசமா நாம என்ன பல்லாங்குழியா ஆடினோம்?

— பயிற்சிதான் எடுத்தோம், யாரு இல்லேன்னா? மேம்பாலத்து ஏத்தத்துல ஏறி ஏறி இறங்கினோம். ஒரு சுத்து உயிரைக் கொடுத்து, ஒரு சுத்து உயிரைத் தேடிக்கிட்டு ஓடினோம். ஹாலுக்கு நடுவுல சைக்கிளை ஸ்டாண்டுல நிறுத்தி மிதிச்சு, இறங்கின கையோட தெருவுல ஓடினதுல தபால்காரரே ஒதுங்கி நின்னார். "எட்டைச் சின்னதா வை, சீக்கிரமா வை, தரையைக் கொஞ்சாதே"ன்னு கிளப்புல அந்தக் கோச் தொண்டை வத்தக் கத்தினார். எல்லாம் பண்ணியாச்சு. நான் வேகமாகல.

— யார் சொன்னது?

— என் நாக்கு. அன்னைக்கும் வெளியத் தொங்குச்சு, நேத்தும் தொங்குச்சு. அன்னைக்கும் நீங்க எனக்கு அரை அடி முன்னால. நேத்தும் அதே அரை அடி. அதுல ஒரு விரல்கடையாவது குறைஞ்சுதா?

— ஒவ்வொரு சுத்துக்கும் வாட்ச் என் காதுல நேரம் சொல்லுது. உனக்குச் சொல்ல வாயெடுத்தா, நீ பாட்டுப் பாட ஆரம்பிச்சுடறே.

— எண்ணைக் கேட்டா என் காலு பயந்துடும் அண்ணி. எடை மெஷின்ல ஏறினாலும் கூரையைத்தான் பார்ப்பேன்.

— உன் அண்ணன் சரியாத்தான் சொல்றார். "என் தங்கச்சிகிட்ட அவளைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லணும்னா அவளைக் கட்டிப்போடணும்"னு.

— பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனுஷன் பேச்சை எல்லாம் மைதானத்துல எடுக்காதீங்க. இப்ப விஷயத்துக்கு வாங்க. ரெண்டு வாரத்துல பந்தயம். முதல் மூணு இடத்துக்குத்தான் பெரிய போட்டியில சீட்டு. உங்களுக்கு நாப்பது தாண்டியாச்சு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு சொல்ற வயசில்ல. என் காலால அது கைவிட்டுப் போச்சுன்னா, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உங்க வீட்டுல வந்து காபி கேப்பேன்?

— இதே மூஞ்சியைத்தான். எனக்கென்ன தெரியவா போகுது?

— பாருங்க, நான் சீரியஸா பேசறப்போ நீங்க ஜோக் அடிக்கறீங்க. அது என் டிபார்ட்மெண்ட்.

— சரி. டீச்சர் முகம் கழுவப் போயிருக்காங்க. வர்றதுக்குள்ள எனக்கு ஒண்ணு சொல்லு. எப்படி இருந்துச்சு?

— எது?

— நான் ஓடினது.

— ஏன், நல்லாத்தான்...

— "நல்லாத்தான்" வேண்டாம். அதுக்கு உன் அண்ணன் இருக்கார். நான் ஓடினாலும் அவருக்கு அழகு, தும்மினாலும் அழகு. அந்த மனுஷன் சாட்சி செல்லாது. என் குரல் எப்படின்னு எனக்குத் தெரியும், ரெக்கார்டு போட்டுக் கேட்டிருக்கேன். ஓடறப்போ நான் எப்படி இருக்கேன்னு இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. நீயும் சொன்னதில்ல.

— நானும் பார்த்ததில்லையே அண்ணி.

— என்ன உளர்றே? தினம் பக்கத்துலதானே ஓடறே?

— பக்கத்துல ஓடறவளுக்கு என்ன தெரியும்? கண்ணு ரோட்டுல இருக்கும். பள்ளம், கல்லு, திருப்பம், படுத்திருக்கற நாய். கண்ணோரத்துல உங்க வலது முழங்கை மட்டும் வந்து வந்து போகும். அந்த முழங்கையைப் பத்திக் கேளுங்க, பொழுது சாயற வரைக்கும் பேசறேன். முழு ஆளா நீங்க ஓடறதை இன்னைக்குத்தான் முதல் தடவையா, படிக்கட்டுல உட்கார்ந்து பார்த்தேன்.

— அதான் கேக்கறேன். சொல்லு.

— சொல்ல வரலை.

— உனக்கா? ரெட்டை சைக்கிள்ல முன்னால உட்கார்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காம, ஊர்க்கதை பூரா பேசிட்டு வர்ற வாயாடிக்குச் சொல்ல வரலையா?

— சிரிக்காதீங்க. யோசிக்கறேன். முதல்ல உங்க நிழல்தான் என் கண்ணுல பட்டுச்சு.

— நிழல்னா எனக்கு வெயில் உறைக்காத இடம். அது எப்படி என்னுடையதாகும்?

— உங்க உடம்பு வெயிலை மறைக்குதில்ல? அந்த மறைப்பு உங்க உருவத்துலயே தரையில கருப்பா விழும். நடந்தா கூடவே நடக்கும். எல்லாருக்கும் அது கால்ல ஒட்டிட்டுத்தான் இருக்கும். உங்களுக்கு ஒட்டலை அண்ணி.

— ஒட்டலைன்னா?

— நீங்க எடுத்து வைக்கற ஒவ்வொரு எட்டுக்கும் ரெண்டு காலும் தரையை விட்டுடுது. ஒண்ணு இல்ல, ரெண்டும். அந்த நேரம் நிழல் கீழ தனியாக் கிடக்கு, நீங்க மேல தனியா இருக்கீங்க. நடுவுல வெயில் புகுந்து போகுது.

— நான் காத்துலயா இருக்கேன்?

— காத்துலதான் இருக்கீங்க. தரையை அப்பப்போ போனாப் போகுதுன்னு தொடறீங்க.

— எனக்குத் தரையில கால் படறது மட்டும்தான் தெரியும். நடுவுல இருக்கறதை ஒரு பொருட்டா நினைச்சதே இல்ல. அப்புறம்?

— தலை ஆடல. கீழ காலு அந்தப் பாடு படுது, மேல முகம் ஏதோ கணக்குப் போட்டுட்டு இருக்கற மாதிரி அமைதியா இருக்கு. காலேஜுல பாடம் நடத்த கரும்பலகை முன்னால நிக்கறப்போ இப்படித்தான் இருப்பீங்கபோல. மைதானத்துல சுண்ணாம்பைக் கொட்டிக் கோடு போட்டுட்டு இருந்தாரே, அந்த வண்டிக்காரர், அவர் அப்படியே நின்னுட்டார். வண்டியை மூட மறந்துட்டார். அவர் வாயும் திறந்திருக்கு, வண்டி வாயும் திறந்திருக்கு. இப்ப அந்த இடத்துல முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளை மேடு இருக்கு. போறப்போ சொல்றேன், சுத்திப் போகலாம்.

— கதை விடாதே.

— சத்தியமா! முழங்கால் கொஞ்சம் அதிகம், கணுக்கால்னு வெச்சுக்கோங்க. மத்ததெல்லாம் நிஜம். மூணாவது சுத்துல எனக்கு வயிறெரிச்சல் போன இடம் தெரியல. டீச்சரும் பக்கத்துல ஓடறாங்க, நான் அவங்களைப் பார்க்கவே இல்ல. என் அண்ணன் கட்டிட்டு வந்த பொண்ணு, வீட்டுல என்னோட உட்கார்ந்து துணி மடிக்கற அதே பொண்ணுதானா இதுன்னு ஆயிடுச்சு. இந்த வேகத்தை நான் டி.வி.யில பார்த்திருக்கேன். அதுலயும், யாரோ வேற மாதிரி செஞ்ச மனுஷங்கன்னு நினைச்சு சேனலை மாத்திடுவேன்.

— ம்.

— அப்பவே முடிவு பண்ணிட்டேன். இப்படி ஒண்ணு போறப்போ அதோட கையில நான் தொங்கிட்டு இருக்கக் கூடாது. கயிறு இனிமே டீச்சர் கையிலயே இருக்கட்டும். நீந்தவும் தெரியும்கறாங்க, ரெட்டை சைக்கிளை ரெண்டு வாரத்துல நானே பழக்கி விடறேன். நான் பந்தயம் முடியற இடத்துல நின்னு "அண்ணி இங்க, அண்ணி இங்க"ன்னு கத்தறேன். கத்தறதுக்கு வேகம் தேவையில்ல. அந்த வேலையில என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது.

— அழறியா?

— வியர்வை.

— நீ இன்னைக்கு ஓடவே இல்லையே?

— உட்கார்ந்த இடத்துலயே வியர்க்கற ரகம் நான். விடுங்க. டீச்சர் வர்றாங்க. வாங்க டீச்சர்! அடடா, முகமெல்லாம் என்ன இப்படிச் சிவந்து கிடக்கு? உட்காருங்க, உட்காருங்க.

— ஒரு நிமிஷம்... அக்கா... மூச்சு வந்துடட்டும்.

— வரட்டும், வரட்டும். ரெண்டு வாரத்துக்கு எப்ப எப்ப வரமுடியும்னு மட்டும் சொல்லுங்க.

— மன்னிச்சுக்கோங்க மேடம். அக்கா, நீங்களும். இது என்னால ஆகாது.

— ஆகாதா? அலமாரி நிறைய மெடல் வெச்சிருக்கீங்க, நானே பார்த்தேன். ஓட்டத்துல உங்களுக்கு என்ன ஆகாது?

— ஓடிடுவேன் அக்கா. ஓடறதோட முடிஞ்சா பரவாயில்ல. பேசணுமே! முதல் திருப்பம் வந்தப்போ "இடது"ன்னு சொன்னேன். ரெண்டாவதுல வாயைத் திறந்தேன், வெறும் காத்துதான் வந்துச்சு. புல்லுக்குத் தண்ணி விடற குழாய் குறுக்கக் கிடந்துது, சொல்ல முடியாம கயித்தைச் சுண்டித்தான் காட்டினேன். மேடம் எப்படியோ புரிஞ்சுக்கிட்டுத் தாண்டிட்டாங்க. பந்தயம் நடக்கறது ரோட்டுல. பள்ளம் இருக்கும், தடுப்பு இருக்கும், நாலு பக்கமும் ஆளுங்க இருப்பாங்க. இந்த வேகத்துல ஓடிட்டே அத்தனையும் வாய்விட்டுச் சொல்லணும்னா அதுக்கு வேற நெஞ்சு வேணும். எனக்கு மெடல் வாங்கற அளவுக்குத்தான் நெஞ்சு இருக்கு.

— போச்சு போ. அப்ப வேற ஆள் தேடணும்.

— எப்படிப்பட்ட ஆளைத் தேடப்போறே?

— டீச்சரைவிடத் தெம்பா இருக்கணும். உங்களுக்கு ஈடு கொடுத்து ஓடணும். ஓடிட்டே பேசவும் செய்யணும். அப்படி ஒரு அதிசயப் பிறவி எங்கயாவது இருக்கும் அண்ணி, நீங்க கவலைப்படாதீங்க.

— அக்கா, ஒரு சந்தேகம். ஓடறப்போ மேடம் சொன்னாங்க. வழக்கமா அவங்க கூட ஓடறவங்க கடைசிச் சுத்து வரைக்கும் ஜோக் சொல்லிட்டே வருவாங்களாமே? அவங்களை எனக்குக் கொஞ்சம் காட்டுங்களேன், கும்பிடணும்.

— ஐயோ, அது நான்தான் டீச்சர். நீங்க வேற. நாங்க ஓடற வேகத்துக்கு ஜோக் என்ன, தாலாட்டே பாடலாம். நீங்க இன்னைக்கு ஓடினது வேற கதை. அது எங்க, நான் எங்க?

— வாயாடி, கொஞ்சம் வாயை மூடு. டீச்சர் புது ஆளாச்சே, தடுக்கி விழுந்துடப்போறாங்கன்னு இன்னைக்கு நான் அடக்கித்தான் ஓடினேன். நேத்து நீயும் நானும் ஓடினது இதைவிட வேகம்.