காற்றுக்குப் பறக்காத தொப்பி

அது கம்பளித் தொப்பி இல்லை, ஐயா. உங்கள் மேசையில் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். உங்கள் பொலிஸ்காரர் அதில் துண்டுச்சீட்டுக் கட்டி, கம்பளித் தொப்பி என்று எழுதியிருக்கிறார். அது முயல் ரோமத்தை அழுத்திச் செய்தது. ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கம்பளியாக இருந்தால் கரகரக்கும். இது கன்றுக்குட்டியின் காது மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் தெரிந்துவிடும். கம்பளி குடித்துவிடும், இது உருட்டிக் கீழே தள்ளிவிடும். உட்கார நாற்காலி தந்தீர்கள், தேத்தண்ணியும் தந்தீர்கள். நானும் முறையாகவே சொல்லிவிடுகிறேன்.

மேலே கிள்ளினமாதிரி இருக்கும் இடத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம். எல்லாரும் அப்படித்தான் தூக்குகிறார்கள், முதலில் வெடிப்பதும் அந்த இடம்தான். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடிக்க வேண்டும். ஆமாம், அப்படித்தான்.

என் பெயர் பழனியாண்டி. டயகம பக்கம் சவுக்குமலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் வேலை. அந்தக் காலத்தில் அது வெள்ளைக்காரத் தொரை இருந்த பங்களா, இப்போது ஹோட்டல். தொரைமார் விட்டுப்போன தொப்பிகளும் முதலாளி வெளியில் வாங்கிச் சேர்த்தவையும் ஒரு கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றன. விருந்தாளிகள் வந்தால், முகத்தைப் பார்த்து ஒரு தொப்பியைத் தேர்ந்தெடுத்து, தலையில் வைத்துச் சரிசெய்து விடுவேன். அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு தேயிலை மலைக்குள் நடப்பார்கள், படம் எடுப்பார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். வட்ட முகத்துக்கு உயரமான தொப்பி வேண்டும். தோள் குறுகலாக இருப்பவருக்கு அகல விளிம்பு வைத்தால் ஆள் காளான் ஆகிவிடுவார். பனாமாத் தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நடுவில் குழந்தையின் உச்சிச் சுழி போலப் பின்னல் சுற்றிக்கொண்டு போகும். சுழி இல்லையென்றால் இயந்திரத்தில் செய்தது. நெட்டியில் செய்த சோலாத் தொப்பியைத் தட்டினால் காய்ந்த சுரைக்காய்ச் சத்தம் கேட்க வேண்டும். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். வெள்ளைக்காரருக்குத் தொப்பியின் வருசம் சொல்ல வேண்டும், கொழும்பு நோனாமாருக்குக் கண்ணாடி காட்ட வேண்டும். சில தொப்பிகளுக்கு இல்லாத தொரைமாரை நானே உண்டாக்கியும் இருக்கிறேன். அதனால் யாருக்கும் ஒரு நட்டமும் வந்ததில்லை.

மீனம்மா என் பெண்சாதி. கொழுந்து பறிக்கிறவள். அந்தக் காலத்துக் கூடைக் கயிறு உச்சந்தலையில் அழுத்தி அழுத்தி, அவள் தலையில் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. கூடை போய்ச் சாக்கு வந்த பிறகும் பள்ளம் போகவில்லை. அப்படிப்பட்ட தலையில் தொப்பி உட்காராது. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் இதை ஒருமுறை அவளிடமே சொன்னேன், தொப்பி அறையைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டபோது. "அப்ப எந்தலைக்குத் துண்டுதான் விதிச்சிருக்கு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் கெட்ட புருசன் இல்லை, ஐயா. குடிக்க மாட்டேன், கை நீட்ட மாட்டேன். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கிஷாந்த் போன வருசம்தான் பங்களாவுக்கு மனேஜராக வந்தான். எங்கள் லயத்துப் பிள்ளை. கொழும்பில் ஹோட்டல் படிப்புப் படித்தவன். என்னை மாமா என்றும் அவளை அத்தை என்றும்தான் கூப்பிடுவான். பையனைக் குறை சொல்ல மாட்டேன். விருந்தாளிகளோடு தோட்டத்துப் பெண் ஒருத்தி நடந்து போய்த் தன் வேலையைத் தானே சொல்லிக் காட்டினால் நன்றாக இருக்கும் என்பது அவன் யோசனை. பயமில்லாமல் பேசுகிறவள் என்று மீனம்மாவைக் கூப்பிட்டான். அதுவரைக்கும் சரி.

ஒருநாள் பங்களாப் புல்வெளியில் எல்லாரும் நிற்கும்போது, அவன் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, ஒரு தொரைசானியின் வெள்ளை வைக்கோல் தொப்பியை எடுத்துவந்து அவள் தலையில் வைத்துவிட்டான். உட்காராது என்று நான் சொல்லியிருந்தேன். உட்கார்ந்தது. அந்தப் பள்ளத்தால் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, அதுவே ஒரு அழகாக உட்கார்ந்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா என் பக்கம் திரும்பி, இவர் உங்கள் மனைவியாமே என்று கேட்டார். இல்லை, எனக்கு இவரைத் தெரியாது என்றேன். கையில் தொப்பி துடைக்கும் பிரஷ் இருந்தது. அந்த நேரத்தில் அதுதான் சரியான பதிலாகப் பட்டது.

அந்த அளவு இங்கிலீசு அவளுக்கும் விளங்கும். சாயங்காலம் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நான் சாப்பிட உட்கார்ந்ததும், அடுத்த காம்பரா அம்மாக்கண்ணுவுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"அக்கோவ், யாரோ தெரியாத மனுசன் வந்து சோறு கேக்குறாரு. போடட்டுமா, வேணாமா?"

"பேரு ஊரு கேட்டுட்டுப் போடு புள்ள" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. லயம் முழுக்கச் சிரித்தது. பிறகு அவளே தட்டில் கருவாட்டுத் துண்டில் பெரியதாகப் பார்த்து எனக்கு வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க, சும்மா வெளையாட்டுக்கு" என்றாள். நான் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து பீலிக்கரையில் எனக்கு "தெரியாதவர்" என்று பெயர். தண்ணீர் பிடிக்கிற பிள்ளைகள்கூட, "தெரியாதவரு வாறாரு, வழி விடுங்கடி" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பங்களாவில் நான் எத்தனையோ பேருக்கு முதுகு வளைத்தவன். ஆனால் லயத்துக்கு வந்தால் நான்தான் தொப்பிக்காரர்; கங்காணிகூட என்னிடம் மட்டு மரியாதையோடுதான் பேசுவார். என்னிடம் இருந்தது அந்த ஒரு மதிப்புத்தான். வேறு பிள்ளை குட்டி, காணி பூமி எதுவும் எங்களுக்கு இல்லை.

அதற்குப் பிறகு கிஷாந்த் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். "மாமா, ஒங்களுக்கும் வயசாகுது. தொப்பி அறைய இனி அத்தை பாத்துக்கட்டும். வர்றவங்களுக்கெல்லாம் அவங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. நீங்க ஒக்காந்து சொல்லிக் குடுங்க, போதும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நல்லது தம்பி என்றேன்.

மீனம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. "நெசமாத்தான் சொல்றாங்களாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "எம்புட்டு மழையில நனைஞ்சிருப்பேன், எம்புட்டு அட்டை கடிச்சிருக்கும். கடைசிக் காலத்துலயாச்சும் ஒரு கூரைக்குக் கீழ நிக்கிறேனே. சாவிய நீங்களே வச்சுக்கங்க. நான் தொறந்து தொடைச்சுட்டு ஒங்ககிட்டயே குடுத்துர்றேன்." எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்ததாக எழுதினால் அது பிழை.

விருந்தாளிகள் நடக்கும் பாதையை விடிந்ததும் ஒருமுறை பார்த்து வருவது என் வழக்கம். ஒன்பதாம் நம்பர் மலையில் பாதை திரும்பும் இடத்தில் ஒரு சின்ன மதகு இருக்கிறது. அதன் கல்லுக்கு அடியில் குளவி கூடு கட்டியிருந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. கூட்டை யார் முதலில் கண்டாலும், வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்னால் கங்காணியிடம் சொல்லிவிட வேண்டும். அவர் அந்த இடத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார். துணி இருக்கும்வரை அந்தப் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள். துணி இல்லையென்றால் கூடு இல்லை. அதற்குமேல் யாரும் மரத்தையும் கல்லையும் ஆராய்ந்துகொண்டு நிற்பதில்லை. ஆராய்ந்தால் கொழுந்து பறிக்க முடியாது. கண்டவன் சொல்லியிருப்பான் என்று நம்பித்தான் அத்தனை பேரும் மலை ஏறுகிறார்கள்.

நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று முதல்நாள் நினைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தேன், கூடு பெருத்திருந்தது. அதற்குப் பிறகு மதகில் கால் வைக்காமல் பக்கத்திலிருக்கும் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு நடந்தேன். அன்றும் சொல்லவில்லை.

குளவிக்குக் கறுப்பும் ரோமமும் ஆகாது. கரடி என்று நினைக்குமோ என்னவோ. முன்பு ஒரு விருந்தாளி இதே மாதிரிக் கருந்தொப்பி போட்டுக்கொண்டு போனார். குளவி கலைந்தபோது அவர் தலையை மொய்த்துவிட்டது. பக்கத்தில் வைக்கோல் தொப்பியோடு நின்றவருக்கு ஒரு கொட்டோடு சரி. எங்கள் பெண்கள் தலைக்கு வெள்ளைத் துண்டு கட்டுவதும் வீணுக்கு இல்லை.

சம்பவத்தன்று நடக்கப் போனவர்கள் புருசனும் பெண்சாதியுமாக இரண்டு பேர். அவர்களுக்குப் பனாமா கொடுத்தேன். கூடப் போன கிஷாந்துக்கும் வைக்கோல் தொப்பிதான் கொடுத்தேன். விருந்தாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் பங்களாவின் பெயர் கெட்டுவிடும். அந்த விசயத்தில் நான் எப்போதும் கவனம்.

மீனம்மா கடைசியாக வந்தாள். முன்வாசலால் அவள் உள்ளே வந்தது அதுதான் முதல்தடவை. காலை நன்றாகத் துடைத்துவிட்டு ஓரமாக நின்றாள். "எனக்கு எது எடுப்பா இருக்கும்? நீங்களே பாத்துக் குடுங்க" என்றாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் அப்படி ஒன்று கேட்டதே இல்லை. அந்த வெள்ளைத் தொப்பி அலுமாரியில்தான் இருந்தது. அவள் கண்ணும் அதில்தான் இருந்தது.

"வெள்ளை உன் நிறத்துக்கு எடுக்காது" என்று சொல்லி, உங்கள் மேசையில் இருக்கும் இந்தக் கருந்தொப்பியை எடுத்தேன். ரோமம் படிய வேண்டுமானால் பிரஷை ஒரு பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். நான் எதிர்ப்பக்கமாக ஓட்டினேன். ரோமம் நன்றாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. பிறகு அவள் தலைமயிரை ஒதுக்கி, தொப்பியை வைத்து, தொரைசானிமார் குத்துகிற நீள ஊசி இரண்டை எடுத்தேன். காற்று அடிக்கிறது, பறந்துவிடும் என்றேன். ஒன்றை வலப்பக்கமிருந்தும் ஒன்றை இடப்பக்கமிருந்தும் தொப்பிக்குள் விட்டுக் கொண்டைக்குள் குறுக்காகச் செருகினேன். அப்படிச் செருகினால், எங்கே செருகியிருக்கிறது என்று தெரிந்தவர் நிதானமாக உருவினால் ஒழியத் தொப்பி கழலாது.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லங்க. நீங்க இப்பிடி எந்தலையத் தொட்டு எம்புட்டு நாளாச்சு" என்றாள். வெட்கப்பட்டாள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இப்பத் தெரியுதாங்க என்னைய?" என்று கேட்டாள். தெரியுது என்றேன்.

வழிகாட்ட வேண்டியவள் ஆகையால் அவள்தான் முன்னால் போனாள். சிவப்புத் துணி எதுவும் இல்லை. மதகுக் கல்லின் மேல் நாலு பேர் சப்பாத்தோடு நடந்தால் போதும், கூடு கலைந்துவிடும். நான் அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூச்சல் பங்களாவரைக்கும் கேட்டது. "படுங்க, படுங்க, ஓடாதீங்க" என்று அவள் விருந்தாளிகளைப் பார்த்துக் கத்தினாளாம். அவர்கள் இருவரும் குப்புறப் படுத்துத் தப்பித்துக்கொண்டார்கள். அவளுக்குத் தொப்பியைக் கழற்றத் தெரியவில்லை. கிஷாந்த் பிடித்து இழுத்திருக்கிறான். விளிம்பு கிழிந்திருக்கிறதே, அது அவன் இழுத்ததில் வந்த கிழிசல். அவன் இரண்டு கையும் வீங்கிக் கட்டுப் போட்டிருப்பதை நீங்களும் பார்த்தீர்கள்.

பாதையைப் பார்க்காமல் விட்டது தன் பிழை என்று அவன் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுகிறான். நீங்களும் கவனக்குறைவு என்று அவன் பேரில் எழுதப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பையனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கூட்டைக் கண்டவன் நான், மறைத்தவன் நான். தொப்பியை எடுத்ததும் ஊசியைச் செருகியதும் நான். மீனம்மாவைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் இருக்கிறது, ஐயா. எந்தத் தலைக்கு எது என்று பார்த்து வைப்பதுதான் என் தொழில். இடம் மாறினால் யாராவது ஒருவர் சரிசெய்ய வேண்டும். வேறு விரோதம் எனக்கும் அவளுக்கும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக்கிடந்தது. ஊசியை எடுப்பதற்காக நர்ஸ் அவள் கொண்டையை வெட்டியிருந்தார். கையைத் தொட்டதும் நான்தான் என்று கண்டுகொண்டாள். உதடு அசைவது தெரிந்து காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"தொப்பி கிழிஞ்சிருச்சாங்க? நான் பத்திரமாத்தான் போட்டிருந்தேன். மன்னிச்சுக்கங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நான் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்கிறவன் இல்லை, ஐயா. அவளை அங்கேயே மன்னித்துவிட்டேன்.