அட்டை ஏறாத படங்கு

வால்பாறை மழையில் இரும்பு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, ஐயா. மூன்றாம் நாள் துரு பூத்துவிடும். நான் எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவன். காட்டுப்பன்றிக்கு வைக்கும் பொறிகளைக் கடுக்காய்த் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கறுப்பேற்றி, உருக்கிய தேன்மெழுகில் முக்கி எடுப்பேன். துருவும் பிடிக்காது, மனுச வாடையும் இருக்காது. மாசாணம் கைபட்ட பொறி என்றால் பன்றி மோந்துகூடப் பார்க்காமல் கால் வைக்கும் என்பார்கள்.

தொண்ணூற்று மூன்றில் மெஷினில் மாட்டி வலது கையில் மூன்று விரல் போயிற்று. பிறகு என்னைப் பூச்சிமருந்து ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். சாவி கொடுப்பதும் வாங்குவதும்தான் வேலை. என்னைத் தேடி யாரும் வரவில்லை.

மறுவருடம் ஆனி மழையில் அன்புச்செல்வி வந்தாள். எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீடு, கல்யாணமாகி ஆறு மாதம். கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு அவள் கையில் இருந்தது. தண்ணீர் இறங்குகிறது, போதாததற்கு அட்டை வேறு ஏறுகிறது என்றாள். முழங்காலிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

மெழுகும் குங்கிலியமும் வேப்பெண்ணெயும் காய்ச்சிப் பூசினேன். தண்ணீர் நின்றது, அட்டை நிற்கவில்லை. ஸ்டோரில் தேயிலைப் பூச்சிக்கு அடிக்கும் மருந்து இருந்தது. அதில் கொஞ்சம் கலந்தேன். டின்னில் மண்டையோடு போட்டிருந்தது. அது எல்லா டின்னிலும் போட்டிருப்பதுதான்.

அட்டை ஏறவில்லை. ஒரே வாரத்தில் பதினோரு பெண்கள் படங்கோடு வந்து நின்றார்கள். "அண்ணன் கை வெச்சாத்தானுங்க ஆகுது" என்றார்கள். அந்தக் கையில் எத்தனை விரல் என்று ஒருத்தியும் பார்க்கவில்லை.

ஆடி பிறந்ததும் அவர்களில் சின்னாத்தாள் என்பவள் வாந்தி எடுத்துப் படுத்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். டிஸ்பென்சரியில் மழைக்காய்ச்சல் என்றார்கள். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை டிஸ்பென்சரி வாசல்வரை போனேன். கூட்டமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

அன்புச்செல்வி மறுபடியும் வந்தாள்.

"அண்ணா, மழையில வாசம் போயிருச்சுங்க. இன்னொருக்கா பூசிக் குடுங்க."

படங்கை நீட்டிய கை நடுங்கியது. கடைவாயில் வழிந்த எச்சிலை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"மேலுக்குச் சரியில்லையா கண்ணு?"

"கண்ணு மங்கலாத் தெரியுதுங்கண்ணா. நாளைக்கு லீவு போட்டரட்டுங்களா?"

"மழைக்காத்து அப்பிடித்தான் இருக்கும் அம்மணி. ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்."

வெறும் மெழுகைப் பூசிக் கொடுத்திருக்கலாம். அட்டை ஏறியிருக்கும். ஏன் என்று அவள் கேட்பாள், பிறகு எல்லோரும் கேட்பார்கள். அதனால் முன்பைவிடக் கெட்டியாகவே பூசினேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

மூன்றாம் நாள் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் விழுந்தாள். ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது. தூக்கும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். படங்கை அவிழ்த்து எடுத்துவந்து அடுப்பில் போட்டதும் நான்தான்.

என்னால் என்ன செய்திருக்க முடியும், ஐயா? பூசியது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் துணி வழியாக அது உடம்பில் இறங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் நடந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அவளோடு அதே காட்டில் கொழுந்து எடுத்த என் மனைவி வரலட்சுமிக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்கிறீர்கள். அவள் படங்குக்கு முதல் நாளிலிருந்தே வெறும் மெழுகுதான் பூசினேன். அட்டை கடித்தால் உப்பு வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தேன். மருந்து வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. வேறு காரணம் எதுவும் இல்லை.