இரண்டாம் வெர்ஷன் மட்டும்

ஷஹ்பாஸ்: ஒரே ஒரு வரிதான் சார். உங்க புரோகிராம் மேல “பொது லைசென்ஸ் இரண்டாம் வெர்ஷன், அல்லது அதுக்குப் பிறகு வர்ற எதுவும்”னு சேர்த்துக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.

பட்டாபிராமன்: அந்த வரியைத்தானே நான் வேணும்னே எடுத்தேன்! “பிறகு வர்ற எதுவும்”னா என்ன? நாளைக்கு எவனோ எழுதப்போற பத்திரத்துக்கு இன்னிக்கே கையெழுத்து. எங்க நிலமெல்லாம் அப்படித்தான் போச்சு.

மதுரம்: நிலம் சீட்டாட்டத்துல போச்சு. நீ காபி எடுத்துக்கோப்பா.

பட்டாபிராமன்: மதுரம்... டெக்னிக்கலா பேசிண்டிருக்கோம்.

ஷஹ்பாஸ்: சார், வாய்க்கால் முறைக் கணக்குப் போடற புரோகிராம் உங்களோடது. யாருக்கு எப்பத் தண்ணின்னு அவங்க செல்லுக்கு மெசேஜ் அனுப்பறது என்னோடது. சேர்த்துக் கொடுத்தா, கும்பகோணத்துலயே விவசாய சங்கத்துல வேலை. இல்லேன்னா வெள்ளிக்கிழமை மறுபடி துபாய்.

பட்டாபிராமன்: சேர்த்துக்கோயேன். சுதந்திர மென்பொருள்! யார் வேணும்னாலும் எடுக்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம். இதைப் பத்தித்தான் போன மாசம் மேடை ஏறி ஒரு மணி நேரம்...

ஷஹ்பாஸ்: கொடுக்கும்போது மொத்தத்தையும் ரெண்டாம் வெர்ஷன்லதான் கொடுக்கணும்ங்குது உங்க லைசென்ஸ். மூணுலதான் கொடுக்கணும்ங்குது என்னோடது.

பட்டாபிராமன்: அப்ப நீ ரெண்டுக்கு இறங்கி வா.

ஷஹ்பாஸ்: என்னோடது ஒரு ஜெர்மன்காரர் எழுதி மூணுல வெளியிட்ட புரோகிராமை வெச்சுக் கட்டினது சார். அவர் இறங்கினாத்தான் நான் இறங்க முடியும். அவரோ பதிலே போடலை.

மதுரம்: ரெண்டு சுதந்திரமும் ஒரே பந்தியில உக்காராதாக்கும்.

பட்டாபிராமன்: சரி. மூணுல என்ன புதுசு? ஷரத்து ஷரத்தா சொல்லு. விஷயம் தெரியாம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்லை.

ஷஹ்பாஸ்: மூணுல... ரெண்டுல இருக்கறதுதான் சார். கொஞ்சம் கூட.

பட்டாபிராமன்: கூடன்னா?

ஷஹ்பாஸ்: ரெண்டுல என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்க. வித்தியாசத்தை நான் காட்டறேன்.

பட்டாபிராமன்: ...காபில சர்க்கரை கம்மியோ?

மதுரம்: சரியாத்தான் இருக்கு. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ.

பட்டாபிராமன்: அது பெரிய பத்திரம்... பொடி எழுத்து வேற...

ஷஹ்பாஸ்: சார்... படிக்கவே இல்லையா?

பட்டாபிராமன்: நீ மூணைப் படிச்சியோ?

ஷஹ்பாஸ்: ...தலைப்பைப் படிச்சேன் சார்.

பட்டாபிராமன்: நான் படிச்சது ஒரே ஒரு வரி. அதையும் எடுத்துட்டேன். பேனாவைக் கொடு, திருப்பிப் போட்டுடறேன்.