சின்னையாவின் ஞாபகப் பரீட்சை

— வியாழனா, வெள்ளியா… தெரியலியே மிஸ்ஸி.

— நல்லா யோசிங்க சின்னையா அங்கிள். அவசரமே இல்ல. இன்னைக்கு என்ன கிழம?

— யோசிச்சாச்சு. வியாழன்னே போட்டுக்குங்க.

— ஓகே, விடுங்க. இப்பத்தான மூணு வார்த்த சொல்லி ஞாபகம் வெச்சிக்கச் சொன்னேன்? அது என்னென்ன?

— ஒண்ணு தேங்கா.

— மத்த ரெண்டு?

— தேங்காயே போதும்லா. ஒரு நாள் கறிக்கு ஆவும்.

— சிரிக்க வெக்காதீங்க. நூறுலேருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னதுக்கும் தெரியலன்னுட்டீங்க. புக்கிட் செலம்பாவ்லேருந்து இந்தக் கிளினிக் வரைக்கும் தனியா பஸ் ஏறி வர்றீங்க, கிழம மட்டும் தெரியல?

— பஸ்ஸுக்குத் தெரியும் மிஸ்ஸி, அது கொண்டாந்து விட்டுரும்.

— நர்ஸு நான் சொன்னதெல்லாம் செய்றீங்களா இல்லியா? நடக்கிறீங்களா?

— தெனமும். தோட்டத்து லயத்து வீட்லேருந்து மெயின் ரோடு வரைக்கும். ரெண்டு பக்கமும் செம்பன மரந்தான். போறப்ப ஒரு நாய் கூட வரும். திரும்புறப்ப அதுவும் இருக்காது.

— சீனி?

— விட்டாச்சு. கோப்பிய கசாயம் மாதிரி குடிக்கிறேன்.

— காது மிஷின் மாட்டியிருக்கீங்க, நல்லது. காது கேக்கலன்னா மூளையும் சோம்பேறியாயிரும், சரியா?

— மிஷின் நல்லா கேக்குது. பேசத்தான் ஆளில்ல.

— அதத்தான் கேக்க வந்தேன். யார்கிட்டயாவது பேசுங்கன்னு சொன்னேனே?

— டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணு வணக்கம் சொல்லும். நானும் வணக்கம்மான்னு சொல்லுவேன். அதுக்கு மேல அது பேச்ச வளக்க மாட்டேங்குது.

— டிவி கணக்குல வராது அங்கிள். பக்கத்து வீட்ல?

— ராமையா வீடு காலி. அதுக்கு அடுத்ததும் காலி. பிள்ளைங்க கூலிம் பக்கம் ஃபேக்டரி வேலைக்குப் போயி, அங்கேயே வீடு வாங்கி, பெருசுங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

— போன்ல படம் அனுப்பக் கத்துக்கிட்டீங்களே? புதுசா எதையாவது கத்துக்கிட்டே இருந்தாத்தான் ஞாபகம் நிக்கும்.

— மகனுக்கு அனுப்புறேன். கட்டவிரல் படம் ஒண்ணு திரும்பி வரும்.

— டாம் பலகையில காய் நகத்தி ஆடுறேன்னு சொன்னீங்க?

— ஆடுறேன். செவப்பு சோடா மூடியும் நான்தான், பச்ச மூடியும் நான்தான். ஒரு கள்ளாட்டம் ஆட வழியில்ல மிஸ்ஸி, ஒடனே கண்டுபிடிச்சிர்றேன்.

— அங்கிள், இப்ப நான் சொல்றத கவனமா கேளுங்க. மாசா மாசம் வரச் சொல்லிப் பாக்குறேன், கொறஞ்சிக்கிட்டேதான் வருது. இனிமே நான் சும்மா இருக்க முடியாது. ஜோகூருக்கு, உங்க மகனுக்கு போன் போடணும்.

— ஜெயகுமாருக்கா? அவனுக்கு எதுக்கு?

— தனியா இருக்கீங்க. அடுப்ப அணைக்க மறந்துட்டா? இன்னும் மோசமானா அப்பாவ முதியோர் இல்லத்துல சேத்துர்றேன்னு அவரே சொல்லியிருக்காரு. எடம் கூட பாத்து வெச்சிட்டாராம்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.

— எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்திருப்பாரு. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. இருங்க, நம்பர் எடுத்துக்கிறேன்.

— போடாதீங்க மிஸ்ஸி. அந்த வீட்ட விட்டு என்னால எங்கயும் போவ முடியாது.

— என் வேல அங்கிள் இது.

— இன்னைக்கு புதன். தேங்கா, குட, லாரி.

— அங்கிள்?

— தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரெண்டு. இன்னும் கழிக்கட்டுமா?

— நில்லுங்க, நில்லுங்க…

— உங்க மகன் ஓட்டப் பந்தயத்துல விழுந்துட்டான்னு முழங்கால்ல தையல் போட்டீங்களே, ஆறிருச்சா? பாக்கார் ஆராங்ல இருக்கிற ஒங்க வீட்ல கூர ஒழுகுதுன்னீங்க, சரி பண்ணியாச்சா? ஒங்க மாமியார் கோவிச்சிக்கிட்டு மூத்த மக வீட்டுக்குப் போனாங்களே, திரும்பிட்டாங்களா?

— அதெல்லாம் நான் எப்பவோ பேச்சுவாக்குல சொன்னது. எனக்கே மறந்து போச்சு.

— நான் வீட்டுக்குப் போயி ஒண்ணொண்ணா நெனச்சிப் பாப்பேன் மிஸ்ஸி. அடுத்த தடவ வர்ற வரைக்கும் எனக்கு அதான்.

— ஒங்களுக்கு ஒண்ணுமே இல்ல அங்கிள்! நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா? எல்லாம் தெரிஞ்சிக்கிட்டு ஏன் தப்புத் தப்பா சொன்னீங்க?

— போன வருஷம் எல்லாத்தையும் சரியாத்தான் சொன்னேன் மிஸ்ஸி. நீங்க கையத் தட்டிட்டு, இனி அடுத்த வருஷம் வந்தா போதும்னு அனுப்பி வெச்சிட்டீங்க.