மில்லுக்கு அனுப்பாத எட்டுப் பேர்

“மில்லுல எட்டுப் பேர் கேட்டாங்க, ஒருத்தனையும் நான் அனுப்பல” என்றார், பொன்னமராவதி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர். அவர் தொழிற்பள்ளி ஆசிரியர் என்பதும், படித்து முடித்த பையன்களுக்கு வேலை தேடித் தருவதும் அவர் பொறுப்பு என்பதும் பேச்சில் தெரிந்தது.

“ஏங்க?” என்றார் பக்கத்தில் இருந்த நண்பர்.

“பயலுக சர்ட்டிபிகேட்டுக்கெல்லாம் கையால காப்பி எழுதி அனுப்பணும். எனக்குப் பகல் பூரா லேத்து வகுப்பு. மில்லுல சொன்ன நாள் தாண்டிருச்சு.”

“எழுத கிளார்க் ஒருத்தர் வேணும்னு கேக்கறதுதானே?”

“கேட்டேன். வேலை தேடித் தர்றதுக்கு ஒரு ஆளான்னு ஹெட்மாஸ்டர் சிரிக்கிறார்.”

“பயலுகளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. கொடும்பாளூர்ப் பையன் ஒருத்தன் தெனம் வந்து, மில்லுல கூப்பிட்டாங்களா சார்ங்கிறான். இன்னும் இல்லப்பான்னுட்டேன்.”

“நாளைக்கும் வருவானே?”

“வருவான். ‘தனியாக் கஷ்டப்படுறீங்களே சார், சாயங்காலம் நான் இருந்து காப்பியெல்லாம் எழுதித் தாரேன்’ங்கிறான்.”